குவாய் பாலமும் கிதுல்கலப் பாலமும்: படத்தில் இல்லாமல் போன மனிதர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

அவிசாவளையிலிருந்து அட்டன் போகும் வீதியில் கிதுல்கலையைத் தாண்டாதவர்கள் எம்மவர்களில் குறைவு. பாடசாலைச் சுற்றுலா என்றாலும், பெருநாள் விடுமுறைக்கு வேன் பிடித்துப் போவதென்றாலும் அங்கே களனி கங்கையில் கால் நனைக்காமல் திரும்புவதில்லை. "இங்கேதான் அந்த இங்கிலீஸ் படத்தை எடுத்தார்கள்" என்று யாராவது ஒருவர் கை நீட்டிக் காட்டுவார். இறங்கிப் பார்த்தால் பாலம் எதுவும் இருக்காது. பாறைகளுக்கு நடுவே பழைய கொங்கிறீட் அத்திவாரங்கள் சில கிடக்கும். அவ்வளவுதான். 'குவாய் நதிப் பாலம்' என்ற படத்துக்காக மரத்தால் கட்டி, 1957இல் வெடிவைத்துத் தகர்த்த பாலத்தின் மிச்சம் அது.

அந்தப் பாலத்துக்கு அசல் ஒன்று உண்டு. தாய்லாந்தில் காஞ்சனபுரி என்ற ஊரில் இன்றைக்கும் நிற்கிறது. இன்றைக்கும் அதன் மேல் ரயில் ஓடுகிறது. நாம் எழுத வந்தது அந்த அசல் பாலத்தையும், அதைத் தாங்கிய பாதையைப் போடப் போய்த் திரும்பாதவர்களையும் பற்றித்தான். அவர்களில் பெருந்தொகையானோர் தமிழ் பேசியவர்கள். கலிமா சொன்னவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். படத்தைப் பார்த்தால் இது எதுவுமே தெரியாது.

முதலில் ஏன் அந்தப் பாதை என்று பார்ப்போம். 1941 டிசம்பர் 8இல் ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. எமது மூத்தவர்கள் "ஜப்பான்காரன் குண்டு போட்ட வருசம்" என்று வயதைக் கணக்குப் பார்த்தது இதை வைத்துத்தான். அந்த நேரத்தில் பர்மா முழுவதும் ஜப்பானின் கையில் வந்துகொண்டிருந்தது. ஆனால் அங்கே நிற்கும் படைக்குச் சோறும் தோட்டாவும் அனுப்ப வேண்டுமே. சிங்கப்பூரைச் சுற்றி, மலாக்கா நீரிணையால் ஏறி, அந்தமான் கடலைக் கடந்து ரங்கூனுக்குக் கப்பல் போக வேண்டும். நேச நாடுகளின் நீர்மூழ்கிகளுக்கு அது நல்ல வேட்டைக்களம். பின்னாளில் அந்த நீர்மூழ்கிகள் புறப்பட்டது எமது திருகோணமலைத் துறைமுகத்திலிருந்துதான்.

ஆகவே தரைவழி தேவைப்பட்டது. தாய்லாந்தில் பாங்கொக்கையும் மலாயாவையும் இணைக்கும் ரயில் பாதை ஏற்கெனவே இருந்தது. பர்மாவிலும் தன்பியூசயாத் வரை பாதை இருந்தது. நடுவில் 415 கிலோமீற்றர் இடைவெளி. மலை, அடர்ந்த காடு, மலேரியா, உலகத்திலேயே கடுமையான பருவமழைகளில் ஒன்று. இதே வழியில் பாதை போடலாமா என்று பிரித்தானியர் முன்னரே யோசித்து, சரிவராது என்று கைவிட்டிருந்தார்கள். ஜப்பானிய இராணுவம் 1942 நடுப்பகுதியில் இரண்டு முனைகளிலிருந்தும் தொடங்கியது. 1943 ஒக்டோபரில் இரண்டு பக்கத் தண்டவாளமும் சந்தித்துவிட்டன. சுமார் பதினாறு மாதம். எமது ஊர்களில் ஒரு மதகு திருத்த எடுக்கும் காலத்தை நினைத்துப் பாருங்கள்.

இயந்திரம் என்று சொல்லத் தக்க எதுவும் அங்கே இல்லை. மண்வெட்டி, கூடை, உளி, சம்மட்டி, கயிறு, சில இடங்களில் யானை. மண்ணை மனிதன் சுமந்தான். பாறையை மனிதன் துளைத்தான். சிறிதும் பெரிதுமாக 600க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் அங்கேயே வெட்டிய மரத்தால் கட்டியவை. தண்டவாளங்களில் ஒரு பகுதி மலாயாவிலிருந்தே வந்தது. கிழக்குக் கரைப் பாதையில் நீண்ட தூரத்தைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். அதாவது மலாயாவின் தண்டவாளத்தையும் மலாயாவின் மனிதர்களையும் ஒரே பாதைக்கு ஏற்றி அனுப்பினார்கள்.

காஞ்சனபுரிப் பாலம் இந்தப் பாதையில் பெரியது. தாமர்க்கான் என்ற கைதிகள் முகாமுக்குப் பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு பாலங்கள் எழும்பின. முதலாவது மரப்பாலம், 1943 தொடக்கத்தில் முடிந்தது. அதற்குச் சற்று மேலே, கொங்கிறீட் தூண்களின் மேல் இரும்புப் பாலம். அதன் பதினொரு இரும்புச் சட்டகங்களும் ஜாவாவில் ஏற்கெனவே இருந்தவை. ஜப்பானியர் அவற்றைக் கழற்றிக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பொருத்தினார்கள். 1943 நடுப்பகுதியில் அதுவும் பாவனைக்கு வந்துவிட்டது. 1945இல் நேச நாட்டு விமானங்கள் பல தடவை குண்டு வீசி நடுவிலுள்ள மூன்று சட்டகங்களை விழுத்தின. யுத்தம் முடிந்த பின் அந்த இடத்தில் இரண்டு புதிய சட்டகங்களைப் போட்டார்கள். இப்போது போய்ப் பார்ப்பவர்கள் சுலபமாக அடையாளம் காணலாம்: வளைந்த மேற்பகுதி உள்ளவை பழையவை, நேர்கோடாக இருக்கும் இரண்டும் பிறகு வந்தவை.

ஆற்றின் பெயரிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல், பாதை குவே நொய் ஆற்றின் கரையோரமாகப் போகிறது என்பதை அறிந்து, பாலமும் அந்த ஆற்றைத்தான் கடக்கிறது என்று நினைத்துவிட்டார். உண்மையில் அது கடந்தது மே குளோங் ஆற்றை. படம் உலகம் முழுக்க ஓடிய பிறகு, 'குவாய் பாலம் எங்கே' என்று கேட்டு வெள்ளைக்காரப் பயணிகள் வந்து குவிந்தார்கள். தாய்லாந்துக்காரர் பார்த்தார்கள். 1960இல் ஆற்றின் அந்தப் பகுதிக்கு 'குவே யாய்' என்று பெயரையே மாற்றிவிட்டார்கள்! ஆங்கிலேயர் சொல்லும் மாதிரி 'குவாய்' என்றால் தாய் மொழியில் எருமை மாடு. ஒரு சினிமாவுக்கு ஓர் ஆற்றின் பெயரை மாற்றும் வலிமை இருக்கிறதென்றால், மனிதர்களை மறக்கடிக்கும் வலிமையும் அதற்கு இருக்கத்தானே செய்யும்.

இனி மனிதர்களுக்கு வருவோம்.

படத்தில் வருபவர்கள் பிரித்தானிய யுத்தக் கைதிகள். அது பொய்யல்ல. பிரித்தானியர், அவுஸ்திரேலியர், ஒல்லாந்தர், கொஞ்சம் அமெரிக்கர் என்று 60,000க்கும் மேற்பட்ட கைதிகள் அந்தப் பாதையில் வேலை செய்தார்கள். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தாமர்க்கான் பாலத்தில் பெரும்பகுதி வேலை அவர்களுடையதுதான். அடி, பட்டினி, புண், வயிற்றோட்டம் எல்லாவற்றையும் பட்டார்கள். எஃப் படையணி என்று சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய 7,000 பேரை ரயிலால் இறக்கி, அங்கிருந்து சுமார் 300 கிலோமீற்றர் மழையில் காட்டுக்குள் நடக்கவைத்தார்கள். அவர்களில் 3,000க்கும் அதிகமானோர் திரும்பவில்லை. இந்தத் துன்பத்தைக் குறைத்துச் சொல்ல எமக்கு எந்த அவசியமும் இல்லை.

ஆனால் கைதிகளைப் போல் மூன்று மடங்குக்குக் குறையாத தொகையில் இன்னொரு கூட்டம் அங்கே இருந்தது. பர்மியர், மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர். ஜப்பானியர் அவர்களை 'ரோமுஷா' என்று அழைத்தார்கள், கூலியாள் என்று அர்த்தம். குறைந்த மதிப்பீட்டிலேயே 1,80,000 பேர். இரண்டரை இலட்சத்துக்கு மேல் என்று சொல்பவர்களும் உண்டு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் இறப்பர் தோட்டத்துத் தமிழர். எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் தொகை 90,000.

கணக்குப் பாடம் படிப்பிக்கும் நண்பர்கள் மன்னிக்க வேண்டும், நாமும் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 415 கிலோமீற்றர் என்றால் 4,15,000 மீற்றர். கைதிகளும் கூலிகளும் சேர்ந்து இறந்தவர்கள் சுமார் 1,02,000. நான்கு மீற்றருக்கு ஒரு மையித்து. 'ஒவ்வொரு சிலிப்பர் கட்டைக்கும் ஓர் உயிர்' என்று சிலர் சொல்வது மிகை. ஆனாலும் ஒரு வகுப்பறையின் நீளத்துக்குள் இரண்டு பேர் என்பதே போதாதா? அந்த 1,02,000இல் எட்டில் ஒருவரைத்தான் படம் காட்டுகிறது.

தோட்டத்து ஆட்கள் ஏன் போனார்கள் என்று கேட்கலாம். யுத்தம் வந்ததும் இறப்பர் ஏற்றுமதி நின்றது. வெள்ளைக்காரத் துரைமார் ஓடிப்போனார்கள், அல்லது சிறைக்குப் போனார்கள். சம்பளமில்லை, அரிசியில்லை. மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டு லயத்தில் கிடந்த சனத்திடம், "மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு டொலர், சாப்பாடு இலவசம், குடும்பத்தோடும் வரலாம்" என்று சொன்னார்கள். முதலில் போனவர்கள் நம்பித்தான் போனார்கள். மூன்று மாதம் கழிந்தும் ஒருவரும் திரும்பி வராததைக் கண்ட பிறகு யார் போவார்? அதன் பிறகு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கொடுத்துப் பிடித்தார்கள். கங்காணிமாரும் கிராணிமாரும் பெயர்ப் பட்டியல் கொடுக்க நேர்ந்தது. வீதியில் நின்றவனையும் லொறியில் ஏற்றினார்கள்.

மலாயாவில் அந்தக் காலத்தைப் பற்றிச் சொன்னவர்கள் பலர் குறிப்பிடும் ஒரு தந்திரம் உண்டு. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று அறிவிப்பார்கள். சனம் மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்ததும் கதவைப் பூட்டுவார்கள். உள்ளே இருந்த ஆண்களை அப்படியே ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோவார்கள். சினிமாக் காட்டிப் பிடித்தவர்களை, பிறகு வந்த சினிமா கண்டுகொள்ளவே இல்லை.

போன இடத்தில் கைதிகளுக்கும் கூலிகளுக்கும் இருந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால்தான் இந்த 12,000க்கும் 90,000க்கும் இடையிலான பள்ளம் விளங்கும். கைதிகள் இராணுவத்தினர். அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், ஒழுங்கு இருந்தது. முக்கியமாக, அவர்களோடேயே பிடிபட்ட வைத்தியர்கள் இருந்தார்கள். அவுஸ்திரேலிய வைத்தியர் எட்வர்ட் டன்லொப்பின் பெயரை அந்த நாட்டில் தெரியாதவர் இல்லை. மருந்து இல்லாவிட்டாலும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, சாப்பிடும் தகரத்தைச் சுடுநீரில் போடு, மலகூடத்தைத் தூரத்தில் தோண்டு என்று கட்டளையிட ஆள் இருந்தது. தோட்டத்துச் சனத்துக்கு அப்படி யார் இருந்தார்? பல மொழி பேசும் கூட்டம். வைத்தியர் இல்லை. கட்டளையிடுபவனின் மொழி விளங்காது. பெண்களும் பிள்ளைகளும்கூட இருந்த முகாம்கள் உண்டு. ஆற்றுத் தண்ணீரை அப்படியே அள்ளிக் குடித்தார்கள்.

1943 மே மாதம் மழை தொடங்கியது, கொலராவும் தொடங்கியது. அதே மாதங்களில்தான் ஜப்பானியப் பொறியியலாளர் வேலையை இரண்டு மடங்கு வேகப்படுத்தினார்கள். 'ஸ்பீடோ, ஸ்பீடோ' என்று கத்திக் கத்தியே அந்தக் காலத்துக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கைதிகள் முகாமில் ஒருவருக்குக் கொலரா என்றால் அவரைத் தனியே பிரித்து வைப்பார்கள். கூலிகள் முகாமில் ஒருவருக்கு வந்தால் அந்த முகாமே காலி. நோய் வந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் காட்டுக்குள் ஓடுவார்கள், ஓடியவர்கள் காட்டில் சாவார்கள். கடைசியில் வேலைக்கு ஆள் இல்லாமல் போகும் என்ற நிலை வந்த பிறகுதான், ஜப்பானியர் சிங்கப்பூரிலிருந்த கைதிகளில் மருத்துவம் தெரிந்த சில நூறு பேரைக் கே படையணி, எல் படையணி என்று பெயரிட்டுக் கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் கண்டதை எழுதிவைத்திருக்கிறார்கள். அவற்றையெல்லாம் இங்கே எழுத எமக்கு மனம் வரவில்லை.

இறந்தவர்களை என்ன செய்தார்கள்? பெரிய குழி தோண்டிப் போட்டார்கள். கொலரா வந்த இடங்களில் எரித்தார்கள். ஆற்றில் போனவர்களும் உண்டு. ஜாவாவிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலானோரும் மலாய்க்காரரும் முஸ்லிம்கள். தமிழ் முஸ்லிம்களும் மலாயாவில் பரவி வாழ்ந்த காலம் அது. குளிப்பாட்டவில்லை, கபன் இல்லை, தொழுகை இல்லை. கிப்லா எந்தப் பக்கம் என்று பார்க்க யாருக்கு நேரம்? தமிழ் இந்துக்களுக்கும் அவர்கள் முறைப்படி கொள்ளி வைக்கப் பிள்ளை பக்கத்தில் இல்லை. பர்மியப் பௌத்தருக்குப் பிக்கு இல்லை. அந்த ஒரு விடயத்தில் எல்லோரும் சமமாகவே கைவிடப்பட்டார்கள்.

இதை எழுதும்போது எமக்கு வேறொன்று ஞாபகம் வருவதைத் தடுக்க முடியவில்லை. வாசிக்கும் உங்களுக்கும் வந்திருக்கும். 2020 ஏப்ரலிலிருந்து 2021 பெப்ரவரி வரை எமது நாட்டில் கொரோனாவில் மௌத்தானவர்களை எரித்தார்கள். பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையும் அதில் அடங்கும். பிறகு 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்க அனுமதி கிடைத்தது. எங்கோ தூரத்து மாவட்டத்திலிருந்து ஜனாஸாவை அனுப்பிவிட்டு, யாரோ முன்பின் தெரியாதவர்கள் தொழுவித்து அடக்கியதைத் தொலைபேசியில் கேட்ட குடும்பங்கள் எமது ஊர்களிலேயே இருக்கின்றன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நாம் வரவில்லை. அது யுத்தம், தொகையும் வேறு, கொடுமையும் வேறு. ஆனால் ஒரு மையித்துக்குரிய கடமை நிறைவேறாமல் போவது ஒரு வீட்டில் என்ன செய்யும் என்று எமது சமூகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மஜ்மா நகரில் ஒவ்வொரு கப்றுக்கும் இலக்கமாவது இருக்கிறது. காஞ்சனபுரியிலிருந்து தன்பியூசயாத் வரை அதுவும் இல்லை.

அங்கே மயானங்கள் இல்லாமலில்லை. காஞ்சனபுரி நகரின் நடுவிலேயே கிட்டத்தட்ட 7,000 கல்லறைகளோடு ஒரு யுத்த மயானம் இருக்கிறது. சுங்காயில் இன்னொன்று, பர்மாப் பக்கம் தன்பியூசயாத்தில் மூன்றாவது. எமது திருகோணமலை நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒழுங்கு தெரியும்: வெட்டிய புல், நேர் வரிசை, ஒவ்வொருவருக்கும் பெயரும் வயதும் படையணியும். யுத்தம் முடிந்தவுடனேயே பிரித்தானியர் பாதை நெடுகத் தேடித் தங்கள் ஆட்களின் எலும்புகளைத் தோண்டிக் கொண்டுவந்து அங்கே அடக்கினார்கள். கைதிகள் இரகசியமாக எழுதிவைத்த பட்டியல்கள் அதற்கு உதவின. செய்ய வேண்டிய வேலை, சரியாகச் செய்தார்கள். ஆனால் பக்கத்திலேயே இருந்த கூலிகளின் குழிகளை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தக் கூலிகளும் பிரித்தானியக் கொடியின் கீழ் வாழ்ந்த பிரஜைகள்தானே? அவர்களைக் கப்பலேற்றி மலாயாவுக்குக் கொண்டுவந்ததும் அதே பிரித்தானியர்தானே? 1990இல் காஞ்சனபுரியில் கரும்பு வயல் ஒன்றைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் மொத்தமாக வெளிப்பட்டன. அவை ஆசியக் கூலிகளுடையவை என்றே கருதப்படுகிறது. ஐம்பது வருடமாக அவற்றின் மேல் கரும்பு விளைந்திருக்கிறது.

இன்னொரு செய்தி. அந்தப் பாதையில் ஓடிய நீராவி எஞ்சின்களில் ஒன்றைத் தோக்கியோவில் யாசுகுனி ஆலய வளாகத்திலுள்ள அருங்காட்சியகத்தில் துடைத்து மினுக்கி வைத்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது.

சரி, கிதுல்கலைக்குத் திரும்புவோம். பியர் பூல் நாவலை 1952இல் வெளியிட்டார். அவர் அந்த ரயில் பாதையில் வேலை செய்த கைதியல்ல. இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரரிடமே பிடிபட்டுச் சிறையிருந்தவர். ஆனால் யுத்தத்துக்கு முன்னர் அவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? மலாயாவில் இறப்பர் தோட்டத்தில் பொறியியலாளர். யார் யார் பாலத்தில் செத்தார்களோ அவர்களைப் போன்ற சனத்தைத் தினமும் காலையில் பிரட்டுக்களத்தில் கண்டிருக்கக்கூடிய மனிதர். அப்படியிருந்தும் அவரது கதையின் மையம் ஒரு பிரித்தானியக் கேணலின் பெருமையும் பிடிவாதமும்தான்.

டேவிட் லீன் அதைப் படமாக்க 1956இன் இறுதியில் இலங்கைக்கு வந்தார். கல்கிசை ஹோட்டலிலும் பேராதனைப் பூங்காவிலும் சில காட்சிகளை எடுத்தார்கள். பாலத்துக்குக் கிதுல்கல. சுமார் 425 அடி நீளம், 90 அடி உயரம். காட்டு மரங்களை வெட்டி, யானைகளைக் கொண்டு இழுத்து, எமது ஊர்க் கைகளின் உழைப்போடு எழுந்த பாலம். 1957 மார்ச்சில் அதை வெடிக்கவைக்கும் நாளில் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் பார்க்க வந்திருந்தார். அன்று என்ன நடந்ததென்றால், கமரா ஒன்றிலிருந்து 'தயார்' என்ற சமிக்ஞை வராததால் வெடிக்கவைக்காமல் விட்டுவிட்டார்கள். சாரதி இல்லாமல் ஓடிவந்த ரயில் பாலத்தைக் கடந்து அக்கரையில் போய் மின்பிறப்பாக்கியில் மோதி நின்றது! அதைத் திரும்பவும் தூக்கிப் பாதையில் வைத்து, அடுத்த நாள்தான் காரியம் முடிந்தது. படம் ஏழு ஒஸ்கார் விருதுகளை வென்றது. நாவலின் முடிவில் பாலம் வெடிக்காது என்பது கூடுதல் தகவல். காஞ்சனபுரியிலும் யாரும் காட்டுக்குள் ஒளிந்திருந்து பாலத்துக்கு வெடிவைக்கவில்லை.

படம் வந்தபோது உயிர் தப்பிய கைதிகளே கோபப்பட்டார்கள். தாமர்க்கான் முகாமில் கைதிகளுக்குப் பொறுப்பாக இருந்த பிலிப் டூசி, படத்தில் வரும் கேணலைப் போல எதிரிக்கு நல்ல பாலம் கட்டிக்கொடுக்க ஆசைப்பட்டவர் அல்ல. கொங்கிறீட் கலவையைப் பிழையாகக் கலந்தும், கறையான் பிடித்து வந்து மரத்தில் விட்டும் தாமதப்படுத்த முயன்றார்கள் என்று அவரது ஆட்கள் சொன்னார்கள். தங்கள் அதிகாரியின் நற்பெயருக்காகப் பேச அவர்களுக்கு வாய் இருந்தது, பத்திரிகை இருந்தது. தோட்டத்து லயத்துக்குத் திரும்பி வந்தவர்களிடம் படம் எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

பணத்தின் கதையும் அப்படித்தான். 1967இல் ஜப்பானும் மலேசியாவும் ஓர் உடன்படிக்கை செய்தன. 25 மில்லியன் மலேசிய டொலர் பெறுமதியில் ஜப்பான் நல்லெண்ணமாகக் கொடுத்தது கப்பல்களாக வந்தது. செத்தவர்களின் வீடுகளுக்குப் பணமாகப் போய்ச் சேரவில்லை. 2000ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு தூர கிழக்கில் கைதியாக இருந்த தனது படையினருக்கு ஆளுக்கு 10,000 பவுண் கொடுத்தது. அதே பாதையில் மண் சுமந்த தமிழ்க் கூலி அந்தப் பட்டியலில் இல்லை.

மலேசியத் தமிழர்கள் இதை 'சயாம் மரண ரயில்' என்று சொல்வார்கள். பல வருடங்கள் அது வீட்டுக்குள் பேசும் கதையாகவே இருந்தது. திரும்பி வந்தவர் ஒருவர் இருந்தால் அவரது காலில் ஆறாத புண்ணின் தழும்பும் இருக்கும். இப்போது அவர்களின் பேரப்பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து சாட்சியங்களைப் பதிவுசெய்து வருகிறார்கள். 2023 மே மாதம் காஞ்சனபுரியில் வாட் தாவோன் என்ற பௌத்த ஆலய வளாகத்தில், அங்கே மொத்தமாகப் புதைக்கப்பட்டவர்களின் நினைவாக ஒரு நடுகல் எழுப்பினார்கள். எண்பது வருடம் கழித்து, அதுவும் அரசாங்கங்கள் செய்யவில்லை, சனம் செய்தது.

எமது பாடசாலைகளில் இரண்டாம் உலகப் போரைப் படிப்பிக்கும்போது பேர்ல் துறைமுகம், ஹிரோஷிமா, கொழும்புக் குண்டுவீச்சு என்று கடந்துவிடுகிறோம். கிதுல்கலைக்குச் சுற்றுலா கொண்டுபோகும் ஆசிரியர்கள் அந்த அத்திவாரத்துக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் பிள்ளைகளை நிறுத்தி, அசல் பாலத்தைப் பற்றிச் சொல்லலாம். அதற்குப் பாடத்திட்டமும் தேவையில்லை, அனுமதிக் கடிதமும் தேவையில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் காயிப் ஜனாஸாத் தொழுகைக்கு இடமிருக்கிறது. இவ்வளவு காலம் சென்ற, பெயர் தெரியாத இவர்களுக்காக அதைச் செய்யலாமா என்பதை ஆலிம்கள்தான் சொல்ல வேண்டும். துஆச் செய்ய யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். யுத்தத்துக்கு முன்னர் எமது நாட்டிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வியாபாரத்துக்கும் வேலைக்கும் போனவர்கள் பலர். சிலரிடமிருந்து 1942க்குப் பிறகு கடிதமே வரவில்லை. உங்கள் வீட்டில் "மூத்தப்பாவின் தம்பி மலாயாவுக்குப் போனவர், பிறகு தகவலில்லை" என்ற மாதிரி ஒரு பேச்சு இருந்தால், பழைய கடிதமோ படமோ ஏதும் இருந்தால், கீழே எழுதுங்கள். அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் வீட்டில் இருந்தால், இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பெயரையும், போன வருடத்தையும், எந்த ஊர் என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.